ஒரே ஆலையின் பீர், பப்புக்குப் பப் வேறு விலை: எங்கே, எதைக் குடிப்பது?

எம்.ஆர்.பி. அச்சடித்த பாட்டிலுக்குப் பழகியவர்களை இங்கிலாந்தின் பப் முதல் நாளே குழப்பிவிடும். ஆலை ஒன்று, பீர் ஒன்று, கண்ணாடிக் கோப்பையின் அளவும் ஒன்று. ஆனால் லண்டனில் ஒரு விலை, யார்க் நகரில் வேறு விலை, யார்க்‌ஷயர் கிராமத்தில் இன்னொரு விலை. ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்புதான். ஏமாற்று இல்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் போனால் தேவையில்லாமல் அதிகம் கொடுப்போம், அல்லது மலிவு என்று போய்ப் புளித்த பீரைக் குடித்துவிட்டு வருவோம்.

இதைப் பார்க்க வட இங்கிலாந்தின் டாட்காஸ்டர் ஊரின் சாமுவேல் ஸ்மித் ஆலையைப்போல் வசதியான உதாரணம் கிடையாது. 1758-ல் தொடங்கியது, யார்க்‌ஷயரின் மிகப் பழைய பீர் ஆலை, இன்றும் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. தொடங்கிய ஆண்டில் தோண்டிய கிணற்றிலிருந்துதான் இன்றும் தண்ணீர் எடுக்கிறார்கள். ஏல் எனும் பாரம்பரிய ஆங்கில பீர் வகைகளைக் கல்தொட்டிகளில் நொதிக்க வைக்கிறார்கள். பிட்டர் எனும் கசப்பு ஏல் வகையைச் சேர்ந்த ஓல்ட் ப்ரூவரி பிட்டரை ஓக் மரப் பீப்பாயில் அனுப்புகிறார்கள், அந்தப் பீப்பாய்களைச் செய்யவும் செப்பனிடவும் சொந்தமாக ஆள் வைத்திருக்கிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட பப்கள் ஆலையின் சொத்து. அவற்றில் வெளி நிறுவனத்தின் பீர் கிடையாது. லாகர், சைடர், ஜின், குளிர்பானம், சிப்ஸ் என்று எல்லாம் அவர்களுடைய பெயரில்தான் வரும். வேறு பிராண்டின் விளம்பரச் செலவு, இடைத்தரகு என்று எதுவும் குறுக்கே வராததால், விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

ஒரு பைன்டின் விலைக்குள்

முதலில் வரியை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் வந்த விகிதப்படி, பப்பில் குழாய் வழியாக ஊற்றும் 3.5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சாதாரண பீருக்குக் கலால் வரி, அதிலுள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 18.76 பவுண்டு. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. 4 சதவீத பிட்டரில் தூய ஆல்கஹால் 22.7 மில்லி. ஆக, பைன்டுக்குக் கலால் வரி 43 பென்ஸ். லண்டனானாலும் குக்கிராமமானாலும் இந்த 43 பென்ஸ் மாறாது.

மூலப்பொருள் அதைவிடச் சின்னக் கணக்கு. 4 சதவீத பிட்டர் ஒரு பைன்டுக்கு எண்பது முதல் நூறு கிராம் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) போதும். கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூ ஒரு சிட்டிகை. இதுவும் பப்புக்குப் பப் மாறாது.

மாறுவது வாட் வரியும் மிச்சமும். வாட் 20 சதவீதம், கலால் வரியையும் சேர்த்த தொகையின் மேல் விழுகிறது. கணக்குக்காக ஒரே பிட்டரை ஓரிடத்தில் 3.60 பவுண்டுக்கும் இன்னோரிடத்தில் 6 பவுண்டுக்கும் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் வாட் 60 பென்ஸ், கலால் 43 பென்ஸ் போக 2.57 பவுண்டு மிஞ்சும். இரண்டாவது இடத்தில் வாட் 1 பவுண்டு, கலால் அதே 43 பென்ஸ், மிஞ்சுவது 4.57. நாம் கூடுதலாகக் கொடுக்கும் 2.40 பவுண்டில் 40 பென்ஸ் அரசுக்கு, 2 பவுண்டு அந்தக் கட்டடத்துக்கு. பீருக்கு ஒரு காசும் போகவில்லை. பப் விலை ஒப்பீட்டில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: கூடுதல் பணம் தரத்தை வாங்குவதில்லை, இடத்தை வாங்குகிறது.

அந்த 2 பவுண்டு முழுவதும் லாபம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இங்கிலாந்தில் பப்புக்கான சொத்துவரி, அந்த இடத்தில் எவ்வளவு வியாபாரம் நடக்க முடியும் என்பதை வைத்து மதிப்பிடப்படுகிறது. கூட்டம் வரும் தெருவில் இருந்தால் வரியும் ஏறும். குறைந்தபட்சக் கூலி நாடு முழுவதும் ஒன்றுதான் (2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு), ஆனால் மத்திய லண்டனில் அந்தக் கூலிக்கு நல்ல ஆள் நிற்பது கடினம். பழைய கட்டடமென்றால் பராமரிப்பு தனி. லண்டன் ஹோபர்னில் இந்த ஆலைக்குச் சொந்தமான பிரின்சஸ் லூயிஸ் பப்பின் உள்ளே செதுக்குக் கண்ணாடித் தடுப்புகளும் டைல்ஸ் பதித்த சுவர்களும் பாதுகாக்கப்பட்டவை. கழிப்பறை உட்பட. ஒரு கண்ணாடி உடைந்தால் கடையில் போய் வேறொன்று வாங்கி மாட்டிவிட முடியாது.

ஆலைக்கு ஒரு பெரிய சேமிப்பும் இருக்கிறது. கட்டடங்கள் சொந்தமாகையால் வெளியாருக்கு வாடகை இல்லை. 2004 முதல் இந்த பப்களில் இசை கிடையாது, தொலைக்காட்சியும் இல்லை. அதனால் இசை உரிமக் கட்டணமும் விளையாட்டுச் சேனல் சந்தாவும் மிச்சம். கால்பந்து காட்டும் பப்பில் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தச் சந்தாவின் ஒரு துளி நம் பைன்டில் கலந்திருக்கும்.

விலையை முடிவு செய்வது யார்

பப்கள் அடிப்படையில் மூன்று விதம். ஆலையே சம்பளத்துக்கு மேலாளரை வைத்து நடத்துவது ஒன்று. கட்டடத்தைக் குத்தகைக்கு விட்டு, பீரைத் தன்னிடமே வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது இன்னொன்று. எந்த ஆலைக்கும் கட்டுப்படாத ஃப்ரீ ஹவுஸ் மூன்றாவது.

மேலாளர் நடத்தும் பப்பில் விலைப்பட்டியல் தலைமையகத்திலிருந்து வருகிறது. கல்லாவில் நிற்பவரிடம் பேரம் பேசுவதில் பொருளில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. பப்களை ஊர், தெரு, வாடிக்கையாளர் வகை பார்த்து சில விலை அடுக்குகளாகப் பிரிப்பது இத்தொழிலின் வழக்கம். அதனால் ஒரே ஊரில் பத்து நிமிட நடையில் உள்ள இரண்டு பப்களுக்குக்கூட வேறு வேறு பட்டியல் இருக்கலாம். சாமுவேல் ஸ்மித்தின் பப்கள் பெரும்பாலும் இந்த வகை.

குத்தகை பப்பில் குத்தகைதாரர் விலை வைக்கிறார். ஆனால் ஆலை அவருக்குப் பீப்பாயைத் தரும் விலை வெளிச்சந்தையைவிட அதிகமாக இருப்பது வழக்கம். வாடகையின் ஒரு பகுதியைப் பீர் வழியாக வசூலிக்கும் ஏற்பாடு இது. ஆலையின் பெயர்ப்பலகை தொங்குவதாலேயே அங்கு அந்த ஆலையின் பீர் மலிவு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பக்கத்து ஃப்ரீ ஹவுஸில் அதே ஆலையின் பீர் மலிவாகக் கிடைப்பதுண்டு. 2016-ல் வந்த பப் சட்டவிதிகள் குத்தகைதாரருக்குச் சில உரிமைகளைக் கொடுத்தன, ஆனால் அவை 500 அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகை பப்கள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும். பாரம்பரியக் குடும்ப ஆலைகள் அந்த எல்லைக்குக் கீழே.

இடையில் ஒரு பழங்கதை. முன்பெல்லாம் விலை பப்புக்குப் பப் மட்டுமல்ல, ஒரே பப்பின் அறைக்கு அறையும் மாறும். மரப்பலகைத் தரையும் பெஞ்சுமாக இருந்த பப்ளிக் பாரில் ஒரு பென்னி இரண்டு பென்னி குறைவு. கம்பளம் விரித்த சலூன் பாரில் அதே குழாயின் அதே பீருக்குக் கூடுதல். பிற்காலத்தில் தடுப்புச் சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கியபோது அந்த வித்தியாசமும் போனது. அன்று அறைக்கு வைத்த விலையை இன்று ஊருக்கு வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

மத்திய லண்டனா, வடக்கா

சாமுவேல் ஸ்மித்தின் மத்திய லண்டன் பப்களில் நாம் வாங்குவது கட்டடம். ஃபிளீட் தெருவின் யே ஓல்ட் செஷயர் சீஸ், 1666 பெருந்தீக்குப் பிறகு 1667-ல் மறுபடி கட்டப்பட்டது. குறுகிய அறைகள், படிகள், கீழே நிலவறைகள். சோஹோவின் ஜான் ஸ்னோ பப், 1854 காலராவைத் தெருக் குழாயோடு தொடர்புபடுத்திய மருத்துவரின் பெயரைத் தாங்கி, அந்தக் குழாய் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இவற்றை அருங்காட்சியகக் கட்டணமாக நினைத்தால் விலை உறுத்தாது. அங்கே போனால் அரை பைன்ட் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதே சரியான கணக்கு. நான்கு பைன்ட் குடிக்க அது இடமில்லை. அரை பைன்டின் விலை பைன்டின் சரிபாதிதான், பெரும்பாலும் ஐந்து பென்ஸுக்குள் மேலே முழுமையாக்குவார்கள்.

லண்டன் பப்களுக்கு ஒரு நன்மை உண்டு: பீர் வேகமாகத் தீரும். இதன் முக்கியத்துவத்துக்குப் பின்னால் வருகிறேன்.

மான்செஸ்டரின் சின்க்ளேர்ஸ் ஆய்ஸ்டர் பார் வேறு மாதிரி. 1996 குண்டுவெடிப்புக்குப் பிறகு நகர மையத்தை மறுபடி திட்டமிட்டபோது, அந்தப் பழைய மரச்சட்டக் கட்டடத்தையே கழற்றி நகர்த்தி வைத்தார்கள். வெளியே பெரிய முற்றம், வெயில் அடித்தால் கூட்டம். யார்க்கின் கிங்ஸ் ஆர்ம்ஸ் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூட வேண்டியதுதான், வெள்ளம் எட்டிய உயரங்களை உள்ளே குறித்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போகத் திட்டமிட்டால் ஆற்று மட்டத்தையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

டாட்காஸ்டரிலேயே ஆலையை ஒட்டி ஏஞ்சல் அண்ட் ஒயிட் ஹார்ஸ் பப் இருக்கிறது. பீப்பாய் பயணம் செய்யும் தூரம் சில அடிகள்தான். உள்ளூரில் பீரைக் கொண்டுபோகும் ஷயர் குதிரைகளின் கொட்டிலும் அங்கேதான். ஆலைக்குப் பக்கம் என்பதாலேயே மலிவு என்று எண்ண வேண்டாம். முன்சொன்ன கணக்குப்படி போக்குவரத்து ஒரு சின்னக் கூறு மட்டுமே. வடக்கே விலை குறைவதற்குக் காரணம், சுற்றியுள்ள பப்களும் குறைந்த விலைக்கு விற்பதும், அதற்குமேல் கொடுக்க ஊர்க்காரர் சம்மதிக்காததும்.

மலிவான பைன்ட் தேடுபவருக்கு என் தீர்ப்பு: வட இங்கிலாந்தின் சிறு நகரங்களில், சுற்றுலாப் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, உள்ளூர்க்காரர்கள் பகலிலேயே உட்கார்ந்திருக்கும் பப். அஞ்சலட்டையில் வரக்கூடிய முகப்பு இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் விலை.

எந்தக் குழாய்

ஊரை மாற்றுவதைவிடக் குழாயை மாற்றுவது சுலபம். சேமிப்பும் பல நேரம் அதிலேதான்.

கலால் வரியில் ஒரு செங்குத்தான படி இருக்கிறது. 3.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அதே 2025 விகிதப்படி குழாய் பீருக்கான வரி 18.76-லிருந்து 8.28 பவுண்டுக்கு இறங்கிவிடும். 3.4 சதவீத பீர் ஒரு பைன்டுக்கு வரி 16 பென்ஸ்தான். 4 சதவீதத்தோடு ஒப்பிட்டால் 27 பென்ஸ் குறைவு, வாட்டையும் சேர்த்தால் 32 பென்ஸ். சில ஆலைகள் தங்கள் பீரின் வீரியத்தைச் சத்தமில்லாமல் 3.4-க்குக் குறைத்ததன் ரகசியம் இதுதான். குறைத்த பிறகு விலையையும் குறைத்தார்களா என்று பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சாமுவேல் ஸ்மித்தில் இந்த இடத்தைப் பிடிப்பது 2.8 சதவீத டார்க் மைல்டு, வீரியம் குறைந்த கருநிற ஏல். எல்லா பப்பிலும் இருக்காது, வடக்கே தேடலாம். நீண்ட மாலைக்கு ஏற்றது. ஒரு பைன்டில் 1.6 யூனிட் (ஒரு யூனிட் 10 மில்லி தூய ஆல்கஹால்), பிட்டரில் 2.3. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதிருக்கச் சொல்கிறது அரசு மருத்துவ அறிவுரை. அந்தக் கணக்கு வைப்பவருக்கு மைல்டு இரண்டு வகையிலும் சிக்கனம்.

பாட்டில் பக்கம் போனால் விலை ஏறும், அதற்கும் காரணம் உண்டு. குழாய் பீருக்கான வரிச்சலுகை 20 லிட்டரும் அதற்கு மேலுமான கலத்தில் வந்து, குழாய் வழியாக ஊற்றப்படும் பீருக்கு மட்டும். அதே 2025 விகிதப்படி பாட்டில் பீருக்குத் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 21.78 பவுண்டு. 550 மில்லி, 5 சதவீத நட் ப்ரவுன் ஏல் பாட்டிலில் வரி 60 பென்ஸ். பாட்டில் பைன்டைவிட 18 மில்லி குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. ஓட்மீல் ஸ்டவுட், டாடி போர்ட்டர் போன்றவை ருசிக்காகக் குடிக்க வேண்டியவை, ஒன்றோடு நிறுத்தினால் நல்லது. பழ பீர், இம்பீரியல் ஸ்டவுட் போன்றவை 355 மில்லி சிறு பாட்டிலில் வரும். பைன்ட் விலையோடு நேராக ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

லாகரில் அரை சதவீத வீரியம் ஏறினால் வரி பைன்டுக்கு ஐந்து பென்ஸ்தான் ஏறும். பட்டியலில் அதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால் அது வரியல்ல, லாகர் குடிப்பவர் கொடுக்கத் தயாராக இருப்பது.

மலிவு தப்பாகப் போகும் இடங்கள்

பீப்பாய் பீர் உயிருள்ள சரக்கு. கைப்பம்பில் ஒவ்வொரு பைன்டை இழுக்கும்போதும் பீப்பாய்க்குள் காற்று புகுகிறது. திறந்த மூன்று நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும், அதற்குமேல் போனால் வினிகர் வாடை எட்டிப் பார்க்கும். ஃபிர்கின் எனும் சிறு பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட். அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல் போனால் விற்க முடிவது அதைவிடச் சில பைன்ட் குறைவு. மூன்று நாளில் எழுபது பைன்ட் போகாத பப்பில் பீப்பாய் பீர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அங்கே கெக் எனும் மூடிய உலோகக் கலத்து பீரை வாங்குங்கள். கெக்கில் வாயு அழுத்தம் காற்றை உள்ளே விடாது, மெதுவாக விற்றாலும் கெடாது. ஓல்ட் ப்ரூவரி பிட்டர் சில பப்களில் கைப்பம்பிலும் சிலவற்றில் கெக் குழாயிலும் வருகிறது. பெயர் ஒன்று, குடிக்கும் அனுபவம் இரண்டு. ஒப்பிடும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று கவனிக்க வேண்டும்.

கடை திறந்ததும் முதல் ஆளாகப் போனால் இரவெல்லாம் குழாயில் தங்கிய பீர் நம் கோப்பைக்கு வரலாம். நல்ல பப்பில் அதை இழுத்துக் கொட்டிவிட்டுத்தான் ஊற்றுவார்கள். வெதுவெதுப்பாகவோ உயிரற்றோ இருந்தால் ஒரு மிடறோடு திருப்பிக் கொடுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவதே மரபு. பாதி குடித்தபின் குறை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சரியான சூடு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஐஸ்போல இல்லையே என்று புகார் சொல்லிப் பயனில்லை.

அடுத்தது நுரை. விளிம்பு வரை நிரம்பினால்தான் பைன்ட் என்ற கோப்பையில், பீர் 95 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது தொழில்துறையின் நெறி. வடக்கே பம்பு மூக்கில் ஒரு சிறு துளைமூடி மாட்டி கெட்டியான நுரையை வரவைப்பார்கள். அவ்வூர்க்காரருக்கு அதுதான் பிடிக்கும். நுரை பத்தில் ஒரு பங்கானால், 3.60 பவுண்டு பைன்டின் உண்மை விலை 4 பவுண்டு. பக்கத்து பப்பைவிட 30 பென்ஸ் மலிவு என்று வந்தது நுரையிலேயே கரைந்துவிடும். மேலே கொஞ்சம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்பது தவறல்ல. கோப்பையில் கோடு போட்டிருந்தால் பீர் கோட்டைத் தொட்டாலே போதும், நுரை அதற்கு மேலே.

மேசைக்கே வந்து உணவு பரிமாறும் லண்டன் பப்களில் ரசீதில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். பாரில் நின்று வாங்கும் பீருக்கு டிப்ஸ் வழக்கமில்லை.

சாமுவேல் ஸ்மித் பப்களுக்கே உரிய ஒன்று: 2017 முதல் கெட்ட வார்த்தைக்குத் தடை, 2019 முதல் கைபேசி உள்ளிட்ட மின்சாதனங்களுக்கும் தடை. பாரில் நின்று கைபேசியில் விலை ஒப்பிட நினைத்தால் வெளியே போகச் சொல்லக்கூடும். கணக்கெல்லாம் வாசலுக்கு வெளியே முடித்துக்கொள்ள வேண்டும். மேலாளர் கிடைக்காமல் சில பப்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் உண்டு. தூரத்திலிருந்து போவதானால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

பயணச் செலவையும் சேர்த்து

மலிவைத் தேடி ஊர் மாறுபவர்கள் கடைசியாகப் பார்க்க மறப்பது பேருந்துக் கட்டணம். டாட்காஸ்டரில் ரயில் நிலையம் இல்லை, 1964-லேயே பயணிகள் சேவை நின்றுவிட்டது. யார்க்குக்கும் லீட்ஸுக்கும் இடையே ஓடும் கோஸ்ட்லைனர் பேருந்துதான் வழி. 2025 விதிப்படி லண்டனுக்கு வெளியே ஒரு வழிக் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு, போய்வர 6 பவுண்டு. பைன்டுக்கு 1 பவுண்டு மிச்சமானால் ஆறு பைன்ட் குடித்தால்தான் பேருந்துக் காசே திரும்பும். அது பதினான்கு யூனிட்டுக்கு அருகே, ஒரு வாரக் கணக்கு ஒரே மாலையில். குதிரைகளையும் பழைய ஆலையையும் பார்க்கப் போகிறவருக்கு இந்தப் பயணம் சரி. விலைக்காக மட்டும் என்றால் தங்கியிருக்கும் ஊரிலேயே இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள்.

சொந்தக் காரில் கிராமத்து பப்புக்குப் போவதை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டாம். இங்கிலாந்தில் ஓட்டுநருக்கான எல்லை 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50. எத்தனை பைன்டில் அந்த எல்லை வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டுபவர் ஆலையின் சொந்தப் பெயரில் வரும் எலுமிச்சைப் பானத்தைக் குடிக்கட்டும்.